பட்டம் வாங்கியாயிற்று, பல்கலைக்கழகக் கணக்கை என்ன செய்வது?

படிப்பு முடிந்து மாணவர்கள் வெளியேறும் பருவத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலும் அதனுடன் சேர்ந்த வசதிகளும் போகப் போகின்றன, அதற்குள் என்ன செய்து முடிக்க வேண்டும்? ஒரு கல்வி நிறுவனத்தின் கணினி உதவி மையத்தில் சில ஆண்டுகள் உட்கார்ந்து இதே கேள்விக்கு நேரில் பதில் சொன்னவன் என்ற முறையில், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, முதுகலைப் படிப்பை முடித்துவிட்டேன். இன்னும் 60 நாளில் என் கணக்கு மூடப்படும் என்று கணினி மையத்திலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. அஞ்சல்கள், டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தில் உள்ள கோப்புகள், பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் உள்ளன. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: வாங்கியது வீண் இல்லை, ஆனால் அதை இன்னும் பத்து நாள் பெட்டியிலேயே இருக்க விடுங்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் கைவைப்பது கோப்புகளில்தான். ஒரு கோப்பு தொலைந்தால் நஷ்டம் அந்தக் கோப்போடு நின்றுவிடும். மின்னஞ்சல் முகவரியோ உங்கள் மற்றக் கணக்குகளுக்கெல்லாம் சாவியாக இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்தால் புதியது அமைப்பதற்கான இணைப்பு எந்த முகவரிக்கு வருகிறதோ, புதிய கைப்பேசியிலிருந்து நுழையும்போது சரிபார்ப்பு எண் எந்த முகவரிக்குப் போகிறதோ, அந்த முகவரி மூடப்பட்ட மறுநாளும் அக்கணக்குகள் உங்கள் கையில் இருப்பதுபோலவே தோன்றும். கைப்பேசி உடைந்தோ தொலைந்தோ போகும் நாளில்தான் உண்மை தெரியவரும். அந்த நாள் ஓராண்டு கழித்துக்கூட வரலாம். அப்போது முறையிட ஆளிருக்காது.

ஆகவே முதல் வேலை, இந்த முகவரியை எங்கெங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் எடுப்பது. இதற்கு நினைவை நம்ப வேண்டாம். அஞ்சல்பெட்டியின் தேடல் கட்டத்தில் ‘வெல்கம்’, ‘வெரிஃபை’, ‘பாஸ்வேர்டு’, ‘அன்சப்ஸ்கிரைப்’, ‘இன்வாய்ஸ்’ ஆகிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டுத் தேடுங்கள். நீங்கள் மறந்தே போன பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். அடுத்து, உலாவியில் சேமித்து வைத்துள்ள கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து, அதில் பல்கலைக்கழக முகவரியின் பின்பகுதியை இட்டுத் தேடுங்கள். மூன்றாவதாக, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று, அந்தக் கணக்கைக் காட்டி நுழைந்த பிற தளங்களின் பட்டியலைப் பாருங்கள். ‘கூகுள் கணக்கில் நுழைக’, ‘மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைக’ என்ற பொத்தானை அழுத்தி உண்டாக்கிய பதிவுகள் இவை. இவற்றுக்குத் தனியாகக் கடவுச்சொல்லே இராது என்பதால், மூன்று வகைகளில் மிக எளிதாகக் கைநழுவிப் போவது இதுதான்.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களைச் சேமிக்கும் தளம் ஒன்றில் கல்லூரி முகவரியைக் கொடுத்திருந்தது, நான் வெளியேறும்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் புதிய கணினியிலிருந்து நுழைய முயன்றபோது, ‘உங்கள் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. இடித்துவிட்ட வீட்டின் முகவரிக்குப் போன கடிதம் அது. கடவுச்சொல் சரியாக நினைவிருந்தும் நான்கு ஆண்டுப் படங்களை மீட்க முடியவில்லை.

பட்டியல் கையில் வந்தபின், உங்கள் பெயரில் ஒரு தனி முகவரியை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரப்போகும் நிறுவனத்தின் முகவரியை இதற்குப் பயன்படுத்தினால் சில ஆண்டில் இதே பாட்டைத் திரும்பப் படவேண்டியிருக்கும். புதிய கணக்கின் மீட்பு முகவரியாகப் பழைய பல்கலைக்கழக முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், உதவி மையத்துக்கு வந்தவர்களில் பலர் செய்த காரியம் இது. பிறகு ஒவ்வொரு தளமாகச் சென்று புதிய முகவரியைச் சேர்த்து, அதற்கு வரும் சரிபார்ப்பு இணைப்பை அழுத்தி, அதை முதன்மை முகவரி ஆக்கி, வெளியேறி, புதிய முகவரியைக் கொண்டே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். பணம் தொடர்பானவை முதலில், அரசு அலுவல் தொடர்பானவை அடுத்து, மற்றவை அதற்குப் பின். நீக்குவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். சில நிறுவனங்களில், காலியான பயனர் பெயர் பின்னால் வரும் ஒரே பெயருள்ள இன்னொருவருக்கு ஒதுக்கப்படுவது உண்டு.

கேள்வி: ஆறு ஆண்டு அஞ்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக முன்னனுப்பிக்கொண்டிருக்கிறேன்; ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உடனே நிறுத்துங்கள். முன்னனுப்பும்போது அனுப்பியவர் பெயரும் தேதியும் உங்களுடையவையாக மாறிவிடுவதால், பின்னாளில் தேடுவதற்கோ சான்றாகக் காட்டுவதற்கோ அவை உதவா.

உங்கள் பல்கலைக்கழகம் கூகுளின் கல்விச் சேவையைப் பயன்படுத்துவதாக இருந்தால், கணக்கை விட்டுச் செல்லும் மாணவர்களுக்கென்றே ‘உள்ளடக்கத்தை மாற்றுதல்’ என்றொரு வசதி இருக்கிறது. ஜிமெயிலையும் டிரைவையும் உங்கள் தனிப்பட்ட கூகுள் கணக்குக்கு அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது அதன் வேலை. நகல் முடிய ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் கடைசி நாளில் தொடங்கிப் பயனில்லை. நிர்வாகம் இவ்வசதியை முடக்கி வைத்திருப்பதும் உண்டு. அப்படியானால் கணினி மையத்துக்கு எழுதிக் கேளுங்கள், வெளியேறுவோருக்காகச் சில நாள் திறந்துவிடுவார்கள். தனிப்பட்ட கணக்கில் இலவச இடம் அஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் பெரிய இணைப்புகளைச் சேர்த்து வைத்தவர்களுக்கு அது போதாது.

போதாதவர்களுக்கு இரண்டாவது வழி, கணக்கில் உள்ளவற்றை மொத்தமாகப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட். அஞ்சல் முழுவதும் எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்கப்படும். அது உண்மையில் எல்லாக் கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி எழுதிய ஒரு நீண்ட எழுத்துக் கோப்பு. நீங்கள் கடிதங்களுக்கு வைத்த அடையாளப் பெயர்கள்கூட ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். தண்டர்பேர்டு என்ற இலவச அஞ்சல் மென்பொருளில், அதற்கான துணைநிரலைச் சேர்த்து, இக்கோப்பைத் திறந்து படிக்கலாம். பதிவிறக்க இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரமே செல்லுபடியாகும். அதுவும் அந்தப் பல்கலைக்கழக முகவரிக்குத்தான் வரும். கேட்டுவிட்டு மறந்துபோனால் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் சேவையாக இருந்தால், தண்டர்பேர்டில் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஐமேப் என்ற, சர்வரில் உள்ள அஞ்சலை மென்பொருளிலிருந்தே கையாளும் முறையில் சேர்த்து, ஒரு கோப்புறையிலிருந்து மற்றதற்கு இழுத்து விடலாம். நிறுவனம் ஐமேப்பை அனுமதித்திருக்க வேண்டும். கணினியில் நிறுவும் பழைய வகை அவுட்லுக் மென்பொருள் இருந்தால் முழுப்பெட்டியையும் பி.எஸ்.டி. என்ற அவுட்லுக்கின் சொந்த வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ஆனால் அக்கோப்பைப் பின்னால் திறக்கவும் அவுட்லுக்கே தேவைப்படும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன்.

எந்த வழியில் எடுத்தாலும், எடுத்து முடித்த அன்றே ஏதேனும் ஐந்து பழைய கடிதங்களை, இணைப்புள்ளவையாகப் பார்த்து, நகலிலிருந்து திறந்து பாருங்கள். இணைப்பு திறக்காவிட்டால் மூலம் இன்னும் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மகன் டிரைவில் இருந்த கோப்புகள் அனைத்தையும் கணினியிலிருந்து பென் டிரைவில் நகலெடுத்து வைத்தான். கணக்கு மூடிய பிறகு திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. கோப்புகள் பென் டிரைவில் கண்ணெதிரே இருக்கின்றன. இது எப்படி நடக்கும்?

பதில்: இந்த ஏமாற்றத்தை நானும் ஒருவர் முகத்தில் நேரில் கண்டிருக்கிறேன். அவர் கொண்டுவந்த பென் டிரைவில் முந்நூறுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தன. ஆய்வேட்டின் ஐந்து இயல்கள், பேட்டிகளின் எழுத்துப்படி, எல்லாம் பெயரோடும் தேதியோடும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அளவைக் காட்டும் பத்தியைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது: ஒவ்வொன்றும் 1 கிலோபைட். எண்பது பக்க இயலும் 1 கிலோபைட், ஒரு பக்கக் கடிதமும் 1 கிலோபைட்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் போன்றவற்றில் உண்டாக்கும் ஆவணங்களின் உள்ளடக்கம் கூகுளின் சர்வரில் மட்டுமே இருக்கிறது. டிரைவ் செயலியைக் கணினியில் நிறுவியிருந்தால் கோப்புறையில் தெரிவது அந்த ஆவணத்தின் முகவரியை எழுதி வைத்த ஒரு துண்டுச்சீட்டு. உங்கள் மகன் நகலெடுத்தது அந்தச் சீட்டுகளைத்தான். வேர்டு கோப்பாகவோ பி.டி.எஃப். ஆகவோ டிரைவில் ஏற்றப்பட்டவை மட்டும் முழுமையாக நகலாகியிருக்கும். இப்போதைக்குச் செய்யக்கூடியது, இன்றே கணினி மையத்துக்கு எழுதுவது. மூடிய கணக்கைச் சில நிறுவனங்கள் உடனே அழிக்காமல் சில வாரம் முடக்கி வைத்திருக்கும். அந்த இடைவெளியில் கேட்டால் திரும்பத் திறந்து கொடுக்க வாய்ப்புண்டு. அந்த ஆவணங்களை உறவினர்கள், வகுப்புத் தோழர்கள் யாருக்காவது பகிர்ந்திருந்தாரா என்று மகனிடமும் கேளுங்கள். அவர்கள் தங்கள் கணக்கில் தனி நகல் எடுத்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

இன்னும் கணக்கு உள்ளவர்களுக்கு: டேக்அவுட் வழியாகவோ, இணையத்தில் கோப்புறையைத் தேர்ந்து பதிவிறக்கியோ எடுத்தால், டாக்ஸ் ஆவணங்கள் வேர்டு வடிவத்துக்கும் ஷீட்ஸ் எக்செல் வடிவத்துக்கும் மாற்றப்பட்டு உண்மையான கோப்புகளாக வரும். ‘என்னுடன் பகிரப்பட்டவை’ என்ற பகுதியில் இருப்பவை உங்களுடையவை அல்ல. அவை தாமாக வரமாட்டா, வேண்டியவற்றைத் தனித்தனியே நகலெடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தையும் நினையுங்கள். குழுவாக எழுதிய ஆவணத்தின் உரிமையாளர் நீங்களாக இருந்தால், உங்கள் கணக்கு அழிக்கப்படும் நாளில் குழுவில் உள்ள அனைவருக்கும் அது மறைந்துபோகலாம். விலகும் முன் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து இருக்கும் ஒருவருக்கு உரிமையை மாற்றிக் கொடுப்பது மரியாதை.

மைக்ரோசாஃப்டின் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இத்துண்டுச்சீட்டுச் சிக்கல் சற்றுக் குறைவு. ஆனால் ‘இணையத்தில் மட்டும்’ என்ற மேகக்குறி போட்ட கோப்புகள் கணினியில் இல்லாதவை. ஒன்நோட் குறிப்பேடுகளும் வெறும் இணைப்பாகத்தான் தெரியும். அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகம் முன்னாள் மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு முன்னனுப்பு முகவரி தருகிறது. அதையே எல்லா இடத்திலும் கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: பெயரட்டையில் அச்சிட அழகாக இருக்கும், வங்கிக்குக் கொடுக்கமாட்டேன். உங்களுக்கு வரும் கடிதம் முதலில் பல்கலைக்கழகத்தின் சர்வருக்கு வந்து, அங்கிருந்து உங்கள் சொந்தப் பெட்டிக்கு அனுப்பப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று பெறுபவரின் அஞ்சல் சேவை சரிபார்ப்பது இப்போது வழக்கம். அனுப்பியது வங்கி, கொண்டுவந்து கொடுத்ததோ பல்கலைக்கழகம் என்று தெரிந்தால் சில கடிதங்கள் குப்பைப் பகுதிக்குப் போகும், சில வந்ததாகவே தெரியாமல் திருப்பப்படும். மேலும், பல முன்னனுப்பு முகவரிகளிலிருந்து கடிதம் எழுத முடியாது, பெறலாம், அவ்வளவே.

வாழ்நாள் என்ற சொல்லும் உறுதியானதல்ல. கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் அளித்துவந்த அளவற்ற சேமிப்பிடம் முடிவுக்கு வருவதாக 2021-இல் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் அடிப்படையாக 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. பின்னர் மைக்ரோசாஃப்டும் அதே வழியில் நடந்தது. ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்களின் பழைய வீடியோக்களுக்கு அதில் இடம் ஒதுக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. நிலையாகத் தருவோம் என்று சொன்ன கணக்குகளையே பல நிறுவனங்கள் பின்வாங்கிக்கொண்டன.

கேள்வி: வேர்டு, எக்செல் பயன்படுத்துவதற்காக என் சொந்த மடிக்கணினியில் பல்கலைக்கழகக் கணக்கைச் சேர்த்திருந்தேன். அமைப்புகளில் போய் அதை நீக்கிவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: நீக்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவிடுங்கள். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவருக்கு இதைப் படிக்கச் சொல்வேன்.

புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் என்ற முறையால் பூட்டப்பட்டிருக்கும். நீங்களாக எதையும் அழுத்தியிருக்க வேண்டியதில்லை. முதன்முதல் ஒரு கணக்கைக் கொண்டு நுழைந்தபோதே அது தானாக இயங்கியிருக்கலாம். அன்றாடம் இதன் சுவடே தெரியாது. மதர்போர்டைப் பழுதுபார்த்த பிறகோ, தொடக்க மென்பொருளைப் புதுப்பித்த பிறகோ ஒரு நாள் காலையில் நீலத்திரை தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டது? மடிக்கணினியை முதலில் அமைக்கும்போது பல்கலைக்கழகக் கணக்கைக் கொடுத்திருந்தால், அந்தக் கணக்கில்தான். கணக்கு மூடி, அதிலிருந்த உங்கள் சாதனப் பதிவும் அழிக்கப்பட்டுவிட்டால், எண்ணைத் தரக்கூடியவர் எவரும் இல்லை. கணினிக் கடைக்காரராலும் தயாரிப்பாளராலும் முடியாது. முடிந்துவிட்டால் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை.

கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிட்லாக்கர் பக்கத்தைத் திறந்தால் மீட்பு எண்ணைச் சேமிக்கவோ அச்சிடவோ வழி இருக்கும். இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் அந்த மடிக்கணினியின் பெயருக்கு எதிரே காணலாம். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். காகிதத்தில் எழுதி, எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்து, மடிக்கணினிப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். இரண்டாவதாக, விண்டோஸில் நுழைவதே பல்கலைக்கழக முகவரியைக் கொண்டுதான் என்றால், கணக்கைத் துண்டிக்கும் முன் நிர்வாகி உரிமையுள்ள வேறொரு உள்ளூர்ப் பயனரை உண்டாக்கி, அதில் நுழைந்து பார்த்துவிடுங்கள். துண்டித்த பிறகு வாசலில் நிற்க வேண்டாம்.

வேர்டைப் பொறுத்தவரை, உரிமம் போனபின் ஆவணங்களைப் படிக்கலாம், அச்சிடலாம். திருத்தவோ புதிதாக எழுதவோ விடாது. உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸோ, தனிப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இணைய வேர்டோ அவற்றைத் திறக்கும். கைப்பேசியிலும் இதே கணக்கு இருந்தால், அதை நீக்கும்போது அதில் சேமித்த தொடர்பு எண்களும் சேர்ந்து போகும் என்பதால் அவற்றை முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஆய்வுக்கான புள்ளிவிவரங்கள் எல்லாம் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் கோப்புகளாக உள்ளன. தோழி ஒருத்தி மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளைப் பயன்படுத்தினாள். உரிமம் முடிந்த பிறகு இவற்றைத் திறக்கவே முடியாதா?

பதில்: தரவுகள் தப்பிக்கும்; முடிவுகள்தாம் சிக்கிக்கொள்ளும். எஸ்.பி.எஸ்.எஸ். தரவுக் கோப்பை ஆர், ஜாஸ்ப், பி.எஸ்.பி.பி. ஆகிய மூன்று இலவச மென்பொருள்களும் மாறிகளின் பெயர், விளக்கச் சொற்களோடு படித்துவிடும். ஆனால் அட்டவணைகளும் வரைபடங்களும் கொண்ட வெளியீட்டுக் கோப்பு வேறு இடத்தில் எளிதில் திறக்காது. உரிமம் இருக்கும்போதே அவை ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக மாற்றிவிடுங்கள். மெனுவில் அழுத்திச் செய்த பகுப்பாய்வுகளுக்குக் கட்டளை வரிகளையும் ‘பேஸ்ட்’ பொத்தான் வழியாகச் சேமியுங்கள். தேர்வாளர் ஓராண்டு கழித்து ஒரு எண் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் அந்த வரிகளில்தான் இருக்கும்.

மேட்லேப் நிரல்கள் வெறும் எழுத்துக் கோப்புகள். பெரும்பகுதி ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் ஓடும். கூடுதல் கருவித்தொகுப்புகளையும் மேட்லேப்பின் துணை மென்பொருளான சிமுலிங்கையும் நம்பியவை ஓடா. ‘லைவ் ஸ்கிரிப்ட்’ வகையில் எழுதியவற்றைச் சாதாரண நிரல் கோப்பாக மாற்றிச் சேமிக்க வேண்டும். தரவுகளைச் சேமிக்கும்போது 7.3 என்ற வடிவத்தைத் தவிர்த்து 7 என்பதைத் தேர்ந்தால் பைத்தானிலும் ஆக்டேவிலும் தடையின்றித் திறக்கலாம். இரண்டு மென்பொருளுக்கும் பொதுவாக, ஒரு நகலைச் சி.எஸ்.வி. என்ற, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எழுத்துக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் திறக்க யாருடைய உரிமமும் தேவையில்லை.

கேள்வி: முனைவர் பட்டம் முடித்துவிட்டேன். வெளியான மூன்று கட்டுரைகளிலும் தொடர்புக்குப் பல்கலைக்கழக முகவரிதான் அச்சாகியிருக்கிறது. என் நிரல்களும் தரவுகளும் துறையின் சர்வரிலும் என் பக்கத்திலும் உள்ளன. இவற்றின் கதி என்ன?

பதில்: அச்சான முகவரியைத் திருத்த முடியாது, உங்களைத் தேடி வருபவர் சென்று சேர இன்னொரு பாதையைப் போட்டு வைக்கலாம். ஆர்கிட் என்பது ஆய்வாளர்களுக்கு 16 இலக்க நிலையான அடையாள எண் தரும் அமைப்பு; 2012-இல் தொடங்கியது. உங்களிடம் அந்த எண் ஏற்கெனவே இருக்கும். அதில் சொந்த முகவரியைச் சேர்த்து முதன்மையாக்கிவிட்டுப் பழையதையும் நீக்காமல் வையுங்கள். அடுத்து, இதழ்களின் கட்டுரைச் சமர்ப்பிப்புத் தளங்கள், இணையத்திலேயே கட்டுரை எழுதும் ஓவர்லீஃப், கூகுள் ஸ்காலர் ஆகியவற்றில் முகவரியை மாற்றுங்கள். கடைசி மூன்று மாதத்துக்கு, உங்கள் பல்கலைக்கழக அஞ்சலில் புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலை இயக்கிவிடுங்கள்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும், பழைய முகவரியை நீக்க வேண்டும் என்று முன்பு சொன்ன விதிக்கு விலக்கு உண்டு. அங்கே நீங்கள் எழுதிய ஒவ்வொரு மாற்றமும் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே உங்கள் பெயரோடு இணைக்கப்படுகிறது. பழைய முகவரியை நீக்கினால் அந்த ஆண்டுகளின் உழைப்பு உங்கள் பக்கத்திலிருந்து அறுபட்டுப் போகும். ஆகவே அதை இரண்டாவது முகவரியாக விட்டுவைத்து, கடவுச்சொல் மீட்பு முதன்மை முகவரிக்கு மட்டுமே செல்லும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

துறையின் சர்வரில் தற்காலிகச் சேமிப்புப் பகுதி என்று ஒன்று இருக்கும். நெடுநாள் தொடாத கோப்புகளை அங்கே இயந்திரமே அழித்துவிடும்; பல இடங்களில் அந்தக் கெடு ஓரிரு மாதம்தான். உங்கள் கணக்கு அழிந்தபின் மிஞ்சியிருக்கும் கோப்புகளின் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் எண் ஒன்று தெரியும். உங்களுக்குப் பின் வரும் மாணவரால் அவற்றைப் படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. குழுவுக்குப் படிக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டு, எந்தக் கோப்பு எதற்கு என்று ஒரு பக்கம் எழுதி அதே கோப்புறையில் வையுங்கள். பெரிய தரவை இறக்கும்போது ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கட்டளையைப் பயன்படுத்தினால் இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் இரு பக்கத்திலும் சரிபார்ப்புத் தொகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணை, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளியிடத் தக்க நிரலையும் தரவையும் ஸெனோடோவில் ஏற்றுங்கள். செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் களஞ்சியம் அது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடமும், மேற்கோள் காட்ட உதவும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணும் தருகிறது. உங்கள் பழைய பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் இன்றே ஒருமுறை சேமித்துவிடுங்கள். முகவரியைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட முடியுமா என்று துறை நிர்வாகியையும் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால் சிலர் மகிழ்ச்சியோடு செய்து கொடுப்பார்கள்.

கேள்வி: நூலக அனுமதி போவதற்குள் என் துறையின் முக்கிய ஆய்விதழ்களை மொத்தமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நூலகம் பதிப்பகத்தோடு செய்த ஒப்பந்தம் அதைத் தடை செய்கிறது. சில மணி நேரத்தில் ஒரே கணக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இழுத்தால் பதிப்பகத்தின் கண்காணிப்பு விழித்துக்கொண்டு முழுப் பல்கலைக்கழகத்துக்கும் வழியை அடைத்துவிடுவதுண்டு. உங்களுக்குப் பின்னால் ஆய்வேட்டை முடிக்கத் துடிக்கும் ஒருவர் அதன் பலனை அனுபவிப்பார்.

நீங்கள் உண்மையில் மேற்கோள் காட்டியவற்றின் பிரதிகள் சொந்தக் கணினியில் இருந்தால் போதும். நூற்குறிப்புகளைத் தொகுக்கும் மென்பொருளான ஜோடெரோவில் தொகுத்திருந்தால் நூற்பட்டியல் உங்கள் வட்டிலேயே இருக்கிறது. அதன் இணையச் சேமிப்பில் இலவச இடம் 300 எம்பி மட்டும் என்பதால், பல்கலைக்கழகம் கூடுதல் இடம் வாங்கித் தந்திருந்தால் பி.டி.எஃப். கோப்புகள் அனைத்தும் வட்டுக்கு இறங்கிவிட்டனவா என்று பாருங்கள். வெளியேறிய பின் அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டிக்கொடுக்கும். அதுவும் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலோர் மறுநாளே அனுப்பிவைப்பார்கள்.

கேள்வி: ஆய்வுக்காக நாற்பது பேரிடம் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவு பல்கலைக்கழக டிரைவில் உள்ளது. உழைத்து எடுத்தது நான்தான். எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் என் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: உழைப்பு உங்களுடையது, குரல் அவர்களுடையது. பேட்டிக்கு முன் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். பதிவுகள் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான சேமிப்பில் மட்டும் இருக்கும், இத்தனை ஆண்டுக்குப் பின் அழிக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தால், உங்கள் சொந்த வட்டில் அவற்றுக்கு இடமில்லை. நெறியாளரிடமும் அறநெறிக் குழுவிடமும் எழுத்துமூலம் கேட்டு, யார் பொறுப்பில் பதிவுகள் இருக்கும், எப்போது அழிக்கப்படும், பெயர்களை நீக்கிய எழுத்துப்படியை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் பதிவுகளைப் பொறுப்பேற்பவரின் பெயருக்கு மாற்றிவிட்டு, அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.